குறுவைக்கு விதைநெல் வாங்கியாயிற்று

பட்டணத்தில் நெடுங்காலம் வகித்த உத்தியோகத்தைத் துறந்து, தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு திருக்காட்டுப்பள்ளிக்கே திரும்பிவிட்ட எனக்கு, காவிரியினின்று குடமுருட்டி பிரியும் இடத்தில் மாலைவேளையில் நிற்கும்போதெல்லாம், கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் நினைவு வருகிறது. பூண்டி மாதாவின் சந்நிதியில் வளர்ந்த கத்தோலிக்கன் நான், அவரோ லுத்தர் வழிச் சபையார், ஆயினும் இருந்த இடம் விட்டுப் பெயர்வோரின் கலக்கத்திற்குச் சபை பேதம் ஏது?

1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அவரை, பன்னிரண்டு வயதளவில், ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். உடன் பயின்றவர் பிற்காலத்தில் அரசரான சரபோஜி. அன்று பெற்ற தகப்பனின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதைச் சரித்திரம் எழுதுவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு அதை எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை. அந்தப் பிரிவின் பயனாகவே சாஸ்திரியார் பாடிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ நமக்குக் கிட்டிற்று என்று, தேவ சித்தத்தின் காரியஸ்தர்களைப்போல் நாம் இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டுப் படியிறங்கிய சிறுவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

எங்கள் வீட்டிலும் நாளை என்ன என்பது தெரியவில்லை. “பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பணத்துக்கு வழி தெரியலையேங்க” என்றாள் மனைவி, பூண்டியிலிருந்து திரும்பியதும். விதைநெல் மூட்டையைக் காட்டினேன். ஜெபமாலையை ஆணியில் மாட்டிவிட்டு, மூட்டையை ஈரம் படாத மூலைக்கு நகர்த்தச் சொன்னாள்.