வளவன் இருந்த ஊர்

நாகமலை புதுக்கோட்டையில் மு.வ. என்கிற மு. வரதராசனைப் பற்றிப் பேச்சை எடுத்தால் பாதிப் பேருக்குத் திருக்குறள் தெளிவுரை நினைவுக்கு வரும். மீதிப் பேர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மு.வ. அரங்கைச் சொல்வார்கள். எனக்கு நினைவுக்கு வருவது தபால்காரர்.

என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்தார். காமராசர் பெயர் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது 1978-ல்; அதற்கு முன்பே சேர்ந்துவிட்டார். பல்கலைக்கழகம் இருப்பது கூப்பிடு தூரத்தில். ஆனாலும் பாடங்கள் காக்கி உறையில் தபாலில்தான் வரும். "நடந்து போய் வாங்கிட்டு வந்துறலாமேப்பா" என்று கேட்டால், "தபால்ல வர்றதுதான்டா முறை" என்பார். பள்ளிவிட்டு வந்து, கைகால் கழுவி, திண்ணையில் உட்கார்ந்து உறையைப் பிரிப்பார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாலும் ஆறிப்போகும்.

அஞ்சல்வழிக் கல்வி மதுரையில் தொடங்கியது 1971-ல். மு.வ. துணைவேந்தராக இங்கே வந்ததும் அதே ஆண்டுதான். அவருடைய இளமைக் காலம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் சட்டென்று பிடிபடும். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, தாமாகவே படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறினார். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே மேலும் படித்து 1939-ல் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழுக்கு வழங்கிய முதல் முனைவர் பட்டம் அவருடையது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவனுடைய இரவு எப்படி இருக்கும் என்று துணைவேந்தர் நாற்காலியில் இருந்தவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். அப்பாவுக்கு அது பெரிய தெம்பு.

ஆனால் அப்பா அவரைத் துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ நினைத்ததே இல்லை. நேரில் பார்த்துப் பேசியதும் இல்லை. 'தம்பிக்கு' படித்தவர்களுக்கு இது புரியும். வளவன் என்ற அண்ணன் எழில் என்ற தம்பிக்கு எழுதும் கடிதங்கள் அவை. 'அன்னைக்கு' நூலில் அதே எழில் தாய்க்கு எழுதுவான். 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்றும் உண்டு. அறிவுரையை மேடையிலிருந்து சொல்லாமல் வீட்டுக் கடிதமாக எழுதியதால், கூடப்பிறந்த அண்ணன் இல்லாத ஆயிரமாயிரம் பேர் அவரைத் தங்கள் அண்ணனாக எடுத்துக்கொண்டார்கள். என் அப்பா வீட்டுக்கு மூத்தவர். அறிவுரை கேட்க அவருக்கு யார் இருந்தார்கள்? வளவன்தான்.

அவருடைய நாவல்களில் பாத்திரங்கள் அதிகம் பேசுகின்றன, ஆசிரியர் குறுக்கே வந்து பாடம் நடத்துகிறார் என்று குறை சொல்வார்கள். உண்மைதான். இன்று 'கரித்துண்டை'யோ 'கள்ளோ காவியமோ'வையோ எடுத்தால் எனக்கும் சில பக்கங்களைத் தள்ளிப் போகத் தோன்றுகிறது. 'அகல் விளக்கு' மட்டும் வேறு. 1961-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றதற்காகச் சொல்லவில்லை. அதில் சந்திரன் அழகன், அறிவாளி, வகுப்பில் மின்னுகிறவன். கடைசியில் கெட்டுச் சீரழிகிறான். வேலய்யன் சாதாரணப் பையன். நின்று நிதானமாக வாழ்க்கையை ஓட்டிவிடுகிறான். வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் நின்ற ஒருவருக்குத்தான் இந்தக் கதை தோன்றும். முதல் வரிசைப் பிள்ளையைக் கொண்டாடும் ஆசிரியர்கள் நிறைய உண்டு. நடுப் பெஞ்சுக்காரனுக்காக ஒரு நாவலே எழுதியவர் இவர். இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தாள்களை முடித்த என் அப்பா, தன்னை வேலய்யன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

எழுத்தில் மட்டுமல்ல, வாழ்விலும் மு.வ. குடும்பஸ்தர்தான். மாமன் மகள் ராதா அம்மையாரை 1935-ல் மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள், மூவரும் மருத்துவர்கள். அவருக்கோ இயற்கை மருத்துவத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை! திரு.வி.க.விடமும் காந்தியிடமும் பற்று வைத்தவரிடம் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பிள்ளைகளைத் தன் வழிக்கே இழுக்கவில்லை என்பதை நான் கவனிக்கிறேன். ஊருக்கெல்லாம் வழி சொன்னவர் வீட்டில் அவரவர் வழிக்கு இடம் விட்டிருக்கிறார். சொந்தமாகத் தாயக வெளியீடு என்ற பெயரில் நூல்களைப் பதிப்பித்து, பாரி நிலையம் மூலம் விற்றார். எழுத்தாளன் கையேந்தக் கூடாது என்பதிலும் கறாராக இருந்தவர் என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம். அடுத்தவர் மு.வ. 1979-ல் வ.சுப. மாணிக்கம் வந்தார். தேனி ரோட்டு டீக்கடையில் நின்றுகொண்டே இந்த மூன்று பெயர்களையும் அவரவர் நூல்களோடு சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் அன்றைக்கு இருந்தார்கள். என் ஏக்கம் இதுதான். துணைவேந்தரின் பெயர் நியமனச் செய்தியில் தெரியவந்த காலம் அல்ல அது; அவருடைய புத்தகம் அவருக்கு முன்பே வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டிருந்த காலம். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய்யோடு தெளிவுரையும் போகும். 1949-ல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்ட அந்தக் கையடக்க நூல் நூறு பதிப்புகளைத் தாண்டிவிட்டது. இன்றும் விற்கிறது. ஆனால் கல்யாணத்துக்கு யார் கொடுக்கிறார்கள்?

ஊரும் மாறிவிட்டது. வயல் இருந்த பக்கமெல்லாம் வீட்டுமனை. மலை மட்டும் அப்படியே நீண்டு கிடக்கிறது. சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆய்வு செய்த மு.வ. இதைத் தினமும் பார்த்திருப்பார். 1972-ல் சாகித்திய அகாதமிக்காக அவர் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு வெளிவந்தபோது அவர் இங்கேதான் பணியில் இருந்தார். 1974 அக்டோபர் 10 அன்று, பதவியில் இருக்கும்போதே சென்னையில் காலமானார். வயது 62.

அவரோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், அவரிடம் கோப்பில் கையெழுத்து வாங்கியவர்கள், அவர் காலத்து முதல் அணி மாணவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் இருக்கக்கூடும். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் அவர்களில் ஒருவராக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். மு.வ. எப்படிப் பேசினார், மதியம் என்ன சாப்பிட்டார், யாரைத் திட்டினார், திட்டவே இல்லையா என்று கேட்டு எழுதி வையுங்கள்.