பாத்திரத்தில் வெட்டிய பெயர்

நமது தேசத்தில் சாமானிய ஜனங்களுடைய சரித்திரத்தை எழுதிவைத்தவர்கள் யார் என்று கேட்டால், பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து, சிறு உளியும் சுத்தியலும் கொண்டு பெயர் வெட்டிக் கொடுத்தவர்களைத்தான் நான் முதலில் சொல்லுவேன். அரசர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. நிலமுள்ளவர்களுக்குக் கிரயப் பத்திரமும் பட்டாவும் இருந்தன. இவை எதிலும் இடம்பெறாத எத்தனையோ பெண்களுக்கு, கலியாணச் சீராகப் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானையும் பித்தளைத் தவலையுமே சாசனமாக நின்றன.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட வெண்கலப் பானை ஒன்று இருக்கிறது. அதன் கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளியால் தட்டிச் சேர்த்த எழுத்துக்களில், தகப்பனாரின் முதலெழுத்தோடு என் பாட்டியின் பெயரும், அதையடுத்துத் தாது வருஷம் ஆவணி மாதம் என்ற குறிப்பும் காணப்படுகின்றன. தாது வருஷம் என்றாலே 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைச் சொல்லுவது வழக்கம். இந்தத் தாது அதற்கு 60 ஆண்டுகள் பிந்தி, 1936-இல் வந்தது. புளியும் சாம்பலும் போட்டு வெகுகாலம் தேய்த்ததில் ஆவணியின் சுழிகள் மழுங்கிப்போய், இப்போது விரலால் தடவினால் மாத்திரமே புலப்படுகின்றன. புக்ககம் வந்த நாள்தொட்டு இன்னாருடைய சம்சாரம், இன்னாருடைய தாயார் என்றே அறியப்பட்ட அந்த அம்மாளை, இன்னாருடைய மகள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பானைதான்.

பெயர் வெட்டும் வழக்கம் ஞாபகார்த்தமாக மட்டும் ஏற்பட்டதன்று. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் தெருவிலுள்ள அண்டா, உருளி, ஜோடுதவலையெல்லாம் அங்கே போய்ச் சேரும். பந்திகள் ஓய்ந்தபின் அவரவர் சாமான் அவரவர் வீட்டுக்குத் திரும்புவதற்குப் பெயரே அத்தாட்சி. இவ்வாறு உபயோகத்தின் பொருட்டு வெட்டிய எழுத்தே பிற்காலத்தில் ஞாபகத்துக்கு ஆதாரமாயிற்று என்பதில்தான் எனக்கு அலாதியான ஈடுபாடு. போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள், பின்னால் வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று எண்ணியே உட்கார்ந்தார்கள். பாத்திரமோ தினந்தோறும் அடுப்பேறி உழைத்துக்கொண்டே, உடையவளின் பெயரையும் காப்பாற்றி வந்தது.

எவர்சில்வர் புழக்கத்துக்கு வந்தபின் இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்கும், பரணிலிருந்து கடைக்கும் போகலாயின. கனம் தூக்க முடியவில்லை, பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறுகிறது, ஈயம் பூச ஆள் அகப்படவில்லை என்பவையெல்லாம் நியாயமான காரணங்களே. தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துப்போன பெண்களை நான் ஒருநாளும் குறைகூறமாட்டேன். ஆயினும், தராசுத் தட்டில் ஏறிய மாத்திரத்தில், தாய்மாமன் வாங்கிக் கொடுத்த சொம்பும், முதல் பிரசவத்துக்கு வந்தபோது தாயார் கொடுத்தனுப்பிய தூக்கும், பழைய பித்தளை என்ற ஒரே பெயரை அடைந்து உருக்குவதற்குப் போய்விடுவதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் சாமான்களைக் கடைக்குப் போடத்தான் வேண்டுமென்றால் போடுங்கள். அதற்கு முன்னால் அவற்றைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்து, வெட்டியிருக்கும் பெயரையும் வருஷத்தையும் படித்து, கொடுத்தவர் யார், எந்தச் சந்தர்ப்பத்தில் கொடுத்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.