முடங்கும் விரல்களும் பேரப்பிள்ளைகளும்



எனக்கு முடக்குவாதம் என்று மருத்துவர் உறுதி செய்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வயது அறுபத்தொன்று. வீட்டில் ஏழு வயதுப் பேத்தி ஒருத்தியும் பதினாறு மாதப் பேரன் ஒருவனும் பகல் முழுவதும் என் பொறுப்பில் இருக்கிறார்கள். என்னைப் போன்ற நிலையில் பல வீடுகளில் பெண்கள் இருப்பதை அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

இந்த நோயை மூட்டுத் தேய்மானத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் அதிகம். "வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்காக அல்லாஹ் நம் உடலில் அமைத்திருக்கும் காவற்படை, ஆள் அடையாளம் தவறி, மூட்டுகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையே தாக்குவதால் வரும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. முப்பது வயதிலும் வரும். விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதம் ஆகியவை இரு பக்கமும் ஒன்றுபோல் வீங்கும். சுபுஹுக்கு எழும்போது கைகள் மரக்கட்டைபோல் விறைத்திருக்கும்; அந்த விறைப்பு நெகிழ ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். உடலெங்கும் பரவும் சோர்வையோ எவரும் கணக்கில் எடுப்பதில்லை. வீங்கிய விரலை மற்றவர் பார்க்க முடியும். சோர்வைக் காட்ட இயலாது.

எங்கள் ஊர் காயல்பட்டினம். இங்கே பெண் திருமணத்திற்குப் பின்னும் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். ஆகவே மகளின் பிள்ளைகளை உம்மும்மா வளர்ப்பது இங்கு உதவியாகக் கருதப்படுவதில்லை. பொழுது விடிவதைப்போல் இயல்பாக நடக்கும் ஒன்று. என் மருமகன் ஹாங்காங்கில் பணிபுரிகிறார். மகள் பள்ளி ஆசிரியை. காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டால் மாலை நாலரைக்குத் திரும்புவாள். இடைப்பட்ட பொழுது என்னுடையது.

பிள்ளை வளர்ப்பில் விரல்களுக்கு எவ்வளவு வேலை என்பது விரல்கள் மறுக்கும்போதுதான் தெரிகிறது. சீருடைச் சட்டையின் பொத்தான், காலணியின் நாடா, டிபன் பெட்டியின் இறுகிய மூடி, பால்புட்டியின் திருகு என்று எல்லாமே விரல் நுனிகளைக் கேட்பவை. இடியப்ப உரலை அழுத்துவதை நான் விட்டு இரண்டு ஆண்டுகளாயின. பேத்திக்கு நாடா இல்லாத, ஒட்டிக்கொள்ளும் பட்டையுள்ள காலணி வாங்கினோம். குழாய்களின் திருகுகளை மாற்றி, முழங்கையாலேயே தள்ளித் திறக்கும் நீண்ட பிடி உள்ளவற்றைப் பொருத்தினோம். பேரனை விரல்களால் பற்றித் தூக்காமல், இரு முன்கைகளையும் அவனுக்கு அடியில் கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்கப் பழகினேன். தரையில் அமர்ந்து துணி மாற்றுவதை நிறுத்தி, இடுப்பளவு உயரமுள்ள மேசையில் வைத்து மாற்றினேன்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் உண்பது மெத்தோட்ரெக்ஸேட். இது வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் எனக்குரிய நாளாக வெள்ளிக்கிழமையைக் குறித்துவைத்திருக்கிறேன். ஜும்ஆ நாள் மறக்காது. அதன் பக்கவிளைவுகளைத் தணிக்க ஃபோலிக் அமில மாத்திரை தனியே உண்டு. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் அறியக் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்காகத் திருநெல்வேலி சென்று வருகிறேன். இந்த மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் கையாளலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது. ஆகவே பூட்டிய அலமாரியில் வைத்து, சாவியை என் கணவரிடம் கொடுத்திருக்கிறேன். எதிர்ப்புச் சக்தியை இம்மருந்து தணிப்பதால் பள்ளியிலிருந்து பேத்தி கொண்டுவரும் சளியும் காய்ச்சலும் எனக்கு நீண்டு நிற்கின்றன. பள்ளி விட்டு வந்தவுடன் அவள் முதலில் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும், பிறகுதான் என் மடி.

முடுக்கு வழியாக வரும் உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஓதிய தண்ணீரை மகிழ்ச்சியோடு பருகுகிறேன். துஆவை விரும்பாதவர் யார்? ஆனால், என்ன கலந்தது என்று தெரியாத பொடிகளை ஏற்பதில்லை. அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது என்றும், மூன்றே நாளில் வலி பறந்துவிட்டால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்திருக்கிறார். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபியின் உம்மத்தினர் நாம். மாத்திரை உண்பதைத் தவக்குல் குறைவாகப் பேசுவோரிடம் நான் வாதாடுவதில்லை, பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சென்ற ரஜப் மாதத்தில் நோய் மீண்டும் கிளர்ந்தது. ஒரு காலையில் பேரனைத் தொட்டிலிலிருந்து தூக்கக் குனிந்தபோது மணிக்கட்டுகள் இரண்டும் எடை தாங்க மறுத்துவிட்டன. அவன் தொட்டிலிலேயே சிரித்துக்கொண்டு கிடந்தான். எதுவும் நேர்ந்துவிடவில்லை. ஆயினும், அவன் இப்போது பத்துக் கிலோ, இன்னும் வளர்வான். என் கைகள் எந்த நேரத்தில் கைவிடும் என்பதை என்னால் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அன்றிரவு இஷாவுக்குப் பின் மகளை அருகில் அழைத்து, "இனி இவனை நான் தூக்கமாட்டேன். மடியில் இருத்துவேன், ஊட்டுவேன், உறங்க வைப்பேன். தூக்குவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நான் வேலையை விட்டுவிடுகிறேன், உம்மா" என்றாள். அந்தச் சொல் என்னை மணிக்கட்டு வலியைவிட அதிகமாக வருத்தியது. எட்டு ஆண்டுகள் அவள் பாடுபட்டுப் பெற்ற பணி அது. அவள் வருவாயில்தான் வீட்டுக் கடனின் ஒரு பகுதி அடைகிறது. அதற்கும் மேலாக, வகுப்பறையிலிருந்து திரும்பும்போது அவள் முகத்தில் இருக்கும் தெளிவை நான் அறிவேன்.

மறுநாள் அடுத்த வீட்டு மாமி, "பேரனைத் தூக்காத உம்மும்மாவும் உண்டா?" என்று கேட்டுவிட்டார். அன்பினால் கேட்டதே. இருந்தும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைகளின் செலவும் பொறுப்பும் மார்க்கச் சட்டப்படி தந்தையைச் சார்ந்தவை. பாட்டி செய்வது இஹ்ஸான். மனமுவந்து செய்யும் அழகிய செயலைக் கடமையாக்கி அவள் தலையில் கட்டுவது நம் ஊர்களின் பழக்கம். இதை மார்க்கத்தின் பெயரால் சொல்வது பொருந்தாது.

தீர்வு நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. என் கணவர் முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். பேரப்பிள்ளைகள் அவரை எங்கள் வழக்கப்படி 'அப்பா' என்று அழைப்பார்கள். தம் சொந்தப் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தைப் பெரும்பாலும் கடிதங்களிலும் புகைப்படங்களிலும் கண்டவர். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுததையும், ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டதையும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. இந்த ஹதீஸைப் பயான்களில் அவர் பலமுறை கேட்டிருப்பார். அன்று அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "குளிப்பாட்டுவது எப்படி, சொல்லு" என்று வந்து நின்றார்.

முதல் நாள் பேரனைவிட அவரே அதிகம் நனைந்தார். நான் நாற்காலியில் அமர்ந்து, கழுத்தைத் தாங்குங்கள், காதுக்குள் நீர் போகாமல் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதத்திற்குள் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் அவர் பணியாயின. உணவும் உறக்கமும் கதையும் என் பங்கு. லுஹருக்கும் அஸருக்கும் அவர் பள்ளிவாசல் சென்று திரும்பும் வரை பேரன் தரைவிரிப்பில் விளையாடுவான். நான் அருகில் இருப்பேன். மகள் வேலையை விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வணக்கங்களிலும் மாற்றங்கள் வந்தன. உளூவுக்கு வெந்நீர் எடுத்துக்கொள்கிறேன், விறைப்பும் தணிகிறது. மூல நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய அனுமதி எனக்கும் உரியதே. நாற்காலியில் தொழுகிறேன். சிரமமான நாட்களில் தைக்காவில் தராவீஹ் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் மட்டும் இருக்கிறது.

நோன்புதான் பெரும் போராட்டமாக இருந்தது. நோய் கிளர்ந்திருந்ததால் இம்முறை நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவர் தடுத்தார். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குச் சலுகை தருகின்றன என்பதைச் சிறுவயதிலிருந்தே ஓதி வருகிறேன். ஆனாலும் ஸஹர் நேரத்தில் எல்லோரும் எழும்போது படுத்திருப்பது கடினமாக இருந்தது. எங்கள் ஆலிமிடம் கேட்டோம். உடல் தேறும் வாய்ப்பிருந்தால் பின்னர் களா செய்யவேண்டும் என்றும், இனி ஒருபோதும் இயலாது என்று நம்பகமான மருத்துவர் உறுதியாகக் கூறினால் ஷாஃபி மத்ஹபின்படி நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி ஃபித்யா என்றும் விளக்கினார். மருத்துவர் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. ஆகவே முப்பது நாட்களையும் களாக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன். பேத்தி இவ்வாண்டு முதன்முறையாக அரைநாள் நோன்பு வைத்தாள். "உம்மும்மா, நீங்கள் பகலில் சாப்பிட்டால் நான் பார்க்கமாட்டேன்" என்று கண்களை மூடிக்கொண்டு சொன்னாள்.

மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதவில்லை என்று மருத்துவர் இப்போது கருதுகிறார். ஊசியாகப் போடும் அடுத்த நிலை மருந்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதற்கு முன் காசநோய்க் கிருமி உடலில் மறைந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் இம்மருந்து அதை எழுப்பிவிடக்கூடும். செலவும் கூடுதல். மருமகன் தொலைபேசியில், "மாமி, செலவைப் பற்றி நினைக்காதீர்கள்" என்கிறார். பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டோம். அடுத்த செவ்வாயன்று முடிவு வரும். அன்று நானும் கணவரும் திருநெல்வேலி செல்வதால், மகள் பள்ளியில் அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். சகோதரிகள் எனக்காக துஆ செய்யுங்கள்.