பச்சை போர்த்திய கப்பல்

தோழியரே! வீரம் என்றதும் வாளும் முழக்கமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓசையின்றி வென்ற ஒரு கப்பலின் கதையைக் கேளுங்கள்.

'ஆபிரகாம் கிரைன்சென்' 1937-ல் பணியேற்ற டச்சுக் கப்பல். கடலில் பகைவர் இட்ட கண்ணிவெடிகளை அகற்றுவதே அதன் தொழில். நீளம் 56 மீட்டர்தான். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவைச் சூழ்ந்தபோது அது சுரபாயாவில் இருந்தது. எதிர்த்துப் போரிடப் பெரிய பீரங்கியில்லை, விரைந்தோட வேகமுமில்லை. அதன் 45 மாலுமிகள் தீவுகளில் மரக்கிளைகளை வெட்டிக் கப்பலைப் போர்த்தினர். மறையாத இடங்களில் பாறைபோல வண்ணம் தீட்டினர். பகலெல்லாம் கரையோரம் அசையாது நின்று, இரவில் மட்டுமே சென்றனர். மார்ச் 20-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்தை அடைந்தனர். உடன்பிறந்த கப்பலான 'யான் வான் ஆம்ஸ்டெல்' வழியிலேயே மூழ்கடிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியக் கடற்படையிலும் பணிபுரிந்து, 1943-ல் டச்சுக் கொடிக்குத் திரும்பிய அக்கப்பல், இன்று டென் ஹெல்டர் நகரில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது.

"வாய் திறவாதவள்" என்று வகுப்பில் பெயர் பெற்றவள் நான். இக்கதை எனக்கு எத்துணை ஆறுதல்! காலம் வரும்வரை கொக்குப்போல் காத்திருக்கச் சொன்னார் வள்ளுவர். ஆனால், இருட்டியதும் அக்கப்பல் தவறாமல் புறப்பட்டதே! காத்திருந்தது போதுமென்று, பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.