சோப்தா குறிப்புகள்: பனியில் மொனால்

டிசம்பர் கடைசி. துங்கநாத் கோயிலில் நடை சாத்தி உற்சவரை மக்குமட்டுக்கு இறக்கி வந்துவிட்டார்கள். மேலே ஆள் நடமாட்டம் இல்லை. பறவைகளும் இறங்கும் காலம் இது. கோடையில் 4,500 மீட்டர் வரை மேயும் மொனால் என்ற மலைக்கோழி குளிரில் 2,000 மீட்டருக்கே வந்துவிடும். துங்கநாத்துக்குக் கீழே இருக்கும் சோப்தா சுமார் 2,700 மீட்டர். மூச்சு வாங்க உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. முதல் வெயில் விழும் தெற்குச் சரிவுதான் இடம். பனி அங்கேதான் முதலில் உருகும்.

*

விடியுமுன் கோக்லாஸ் கோழியின் குரல். கர்சு ஓக் மரங்களுக்குள்ளிருந்து கரகரவென்று ஒன்று, எதிர்ச் சரிவிலிருந்து பதிலுக்கு இன்னொன்று. ஆள் தட்டுப்படவில்லை. கோக்லாஸைக் காதால் பார்ப்பதே வழக்கம் என்கிறார் வழிகாட்டி.

*

மொனால் சேவல், கல்லெறி தூரத்தில். பனி விலகிய புல்திட்டில் தோண்டுகிறது. காட்டுக்கோழி காலால் சீய்க்கும். இது அலகால் கொத்துகிறது. மேலலகு நீண்டு, வளைந்து, களைக்கொத்து மாதிரி இருக்கிறது. உறைந்த மண் கட்டிகட்டியாகத் தெறிக்கிறது. கிழங்கு, வேர், மண்ணுக்குள் இருக்கும் புழு, எல்லாம் ஆகாரம். நிமிரும்போது அலகில் பனித்தூள். கழுத்து செம்பாக மின்னுகிறது. கொஞ்சம் திரும்பினால் பச்சை, இன்னும் திரும்பினால் ஊதா. இந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி படுவதால் வருவது. மேகம் மூடியதும் பறவையே கறுத்துப்போனது. வெயில் வந்ததும் மறுபடி அத்தனை நிறமும்.

பேடை பழுப்பு. தொண்டை வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம். காய்ந்த புல்லில் அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. எல்லோரும் சேவலைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பேடையைக் கண்டுகொண்டதில்தான் பெரிய சந்தோஷம்.

*

மொனால் உத்தரகண்டின் மாநிலப் பறவை, நேபாளத்தின் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இமாச்சலத்தில் ஆண்கள் தொப்பியில் இதன் கொண்டை இறகைக் கௌரவமாகச் செருகிக்கொண்டார்கள். 1982-இல் அங்கே வேட்டைக்குத் தடை வந்தது.

*

இமாலயக் காடை நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் உத்தரகண்டுப் பறவைதான். முசௌரி, நைனிடால் பக்கத்துப் புல்சரிவுகளில் இருந்தது. உறுதியான கடைசிப் பதிவு 1876. மிஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களில் உள்ள சில தோல்கள் மட்டும். உயரமான புல் தெரிந்தால் தொலைநோக்கியை எடுக்காமல் என்னால் தாண்ட முடியவில்லை.

*

மத்தியானம் ஒரு கூட்டம் செல்போனில் மொனால் குரலை ஒலிக்கவிட்டுக்கொண்டே சரிவில் இறங்கியது. சேவல் கீச்சிட்டுச் சீழ்க்கையடித்தபடி பள்ளத்தாக்கில் பாய்ந்தது. வெள்ளை முதுகும் செங்கல் நிற வாலும் ஒரு நொடி தெரிந்தன, அவ்வளவுதான். இறக்கத்தில் பறப்பது அதற்குச் சுலபம். திரும்பி வர, பனியில் நடந்தே ஏற வேண்டும். பகல் குறுகிய மாதம். வயிறு நிரம்பக் கொத்துவதற்குக் கிடைப்பது சில மணி நேரம். அதில் ஒரு பங்கு இப்படிப் போகிறது.

"பக்கத்துல போகாதீங்க சார், உக்காருங்க. அதுவே மேஞ்சுக்கிட்டு வரும்," என்றார் வழிகாட்டி. உட்கார்ந்தோம். வேறொன்று வந்தது.

குளிரில் சோப்தா போகிறவர்கள் குரல் பதிவை ஒலிக்கவிடாதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துக் கொத்துவதை நிறுத்தினால், அங்கேயே நின்றுவிடுங்கள்.