புகையே வராத டீசல் காரும், சாத்திய ஜன்னலும்!

புகையின் நிறத்தைப் பார்த்தே இன்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார் அவர். கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது எங்கோ தண்ணீர் உள்ளே இறங்குகிறது. விருதுநகர் பக்கம் ஒரு பஸ் டெப்போவில் 34 வருடம் மெக்கானிக்காக இருந்தவர். 2025 மே மாதம், 60 வயதில் மாலையும் சால்வையுமாக வீடு வந்து சேர்ந்தார்.

கைக்கு வந்த ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அடைத்தார். மிச்சத்தில் ஒரு சின்ன கார் வாங்க வேண்டும். ஆசைக்காக இல்லை. மனைவிக்குப் பல வருடமாக வீசிங். மாதத்துக்கு இரண்டு முறை மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட்டமான பஸ்ஸில், தூசியில், போய் வந்த அன்று இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவார் அந்த அம்மா.

என்ன கார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. டீசல்தான். "பெட்ரோல் இன்ஜின்லாம் பொம்மை. நாலாவது கியர்ல போட்டா மேட்டுல கண்ணை மூடிட்டு ஏறணும். அதான் வண்டி" என்பார்.

கார் புரோக்கராக இருக்கும் பழைய நண்பர், 2016 கடைசியில் பதிவான ஒரு டீசல் ஹேட்ச்பேக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1.3 லிட்டர் இன்ஜின். 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விலை 3.75 லட்சம். "ரெண்டு மூணு நாள் வச்சு ஓட்டிப் பாருங்கண்ணே, பணம் எங்க போகப்போகுது" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் பானெட்டைத் திறந்தார். ஸ்டார்ட் செய்து, காதை வைத்துக் கேட்டார். பின்னால் போய் சைலன்சர் முன்னால் குனிந்து நின்றார். மனைவியை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். புகை என்று சொல்ல எதுவுமே இல்லை. வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். லேசான கறை. "தங்கமான இன்ஜின்!" என்றார்.

கண்ணுக்குத் தெரியாத புகை

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை மகன் வந்திருந்தான். மதுரையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறான். காரைச் சுற்றி வந்தவன், "ஆர்.சி இருக்கா மாமா?" என்று கேட்டு வாங்கிப் பார்த்தான்.

"பி.எஸ்.4 வண்டி மாமா இது."

"இருந்தா என்னடா? புகை எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

"அதான் மாமா பிரச்னையே. நீங்க தேடுற புகை வேற. இதுல வர்றது கண்ணுக்கே தெரியாது."

அவன் போனில் கணக்கு போட்டுக் காட்டினான். பி.எஸ் என்பது பாரத் ஸ்டேஜ். ஒரு கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு நச்சை வெளியே விடலாம் என்பதற்கு அரசு வைத்திருக்கும் அளவு. பி.எஸ்.4 டீசல் கார், கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரை விடலாம். பி.எஸ்.6-ல் அது 80 ஆகக் குறைந்தது. பி.எஸ்.6 பெட்ரோல் காருக்கு 60 மட்டுமே. நுண்துகள் அளவு டீசலுக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆக இறங்கியது.

"அப்போ இந்த வண்டி, புது பெட்ரோல் வண்டியைவிட நாலு மடங்கு விடலாம்னு சட்டமே சொல்லுதா?"

"ஆமா மாமா. அந்தக் காலத்துச் சட்டம்."

ஏன் அப்படி என்றும் அவனே சொன்னான். டீசல் இன்ஜின் காற்றைப் பலமாக அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிக்கிறது. மைலேஜ் கிடைப்பதில் அந்த அமுக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால், அந்தச் சூட்டில்தான் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நச்சாகின்றன. பெட்ரோல் காரில் எரிபொருளும் காற்றும் கச்சிதமான அளவில் கலப்பதால், சைலன்சர் பாதையில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சுகளை ஒரே இடத்தில் மாற்றிவிடுகிறது. டீசலில் காற்று எப்போதும் உபரியாக இருப்பதால், நைட்ரஜன் ஆக்சைடுகள் விஷயத்தில் அந்த வித்தை பலிக்காது. அதற்குத் தனிக் கருவி, துகளுக்குத் தனி ஃபில்டர் என்று வைக்க வேண்டும். சின்ன காரில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

அதனால்தான் 2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க பி.எஸ்.6 வந்தபோது, மாருதி சுசூகி டீசல் கார்களையே நிறுத்தியது. நடுவில் பி.எஸ்.5 என்று ஒன்று வரவே இல்லை. 4-லிருந்து நேராக 6-க்குத் தாண்டியது இந்தியா. இன்று ஹேட்ச்பேக்கில் புது டீசல் கார் தேடினால், விரல்விட்டு எண்ணக்கூட வேலை இருக்காது.

"பொல்யூஷன் சர்டிஃபிகேட்ல பாஸ் ஆயிருக்கேடா" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"அது டீசல் வண்டிக்குப் புகையோட அடர்த்தியை மட்டும்தான் பாக்கும் மாமா. நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிறதே இல்லை."

அவர் பேசவில்லை. கண்ணால் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று 34 வருடம் பெருமைப்பட்டவருக்கு, கண் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி நேற்று வளர்ந்த பையன் பாடம் எடுத்தான்.

இரண்டு மார்க் ஷீட்

பையன் ஒரு பக்கமாகவும் பேசவில்லை. "கார்பன் டை ஆக்சைடு கணக்குல பாத்தா டீசல்தான் கொஞ்சம் நல்ல பிள்ளை" என்றான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டீசலில் சுமார் 2.65 கிலோ. ஆனால், டீசல் காருக்கு மைலேஜ் அதிகம் என்பதால், அதே தூரத்துக்கு மொத்தம் கொஞ்சம் குறைவாகவே வரும்.

ஐரோப்பா சறுக்கியது இந்த இடத்தில்தான். பிரிட்டனில் 2001-லிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துப் புது கார்களுக்கு வரி போட்டார்கள். வரி குறைவு என்று மக்கள் டீசல் காராக வாங்கிக் குவித்தார்கள். நகரத் தெருக்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரிய தலைவலியாயின. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெடித்தது. சோதனைக்கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்கும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் இருந்தது தெரியவந்தது. சோதனைக்கூடத்தை மட்டும் நம்பினால் போதாது என்று, இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் கார்களை நிஜமான சாலையில் ஓட்டி அளக்கும் விதி வந்துவிட்டது.

"ஆக, மார்க் ஷீட் ரெண்டு மாமா. ஒண்ணு பூமிக்கு, இன்னொண்ணு நம்ம மூக்குக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாத்துதான் வண்டி எடுக்கணும்."

வருஷக் கணக்கு

அன்று இரவு அவர் பழைய லாக் புக் ஒன்றின் காலிப் பக்கத்தில் கணக்கு போட்டார். மதுரைக்கு இரண்டு நடை, மார்க்கெட், கோயில், கல்யாணம் காதுகுத்து எல்லாம் சேர்த்தும் வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் தாண்டாது.

பெட்ரோல் கார் 16 கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 312 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் 31,500 ரூபாய். டீசல் கார் 20 கொடுத்தால் 250 லிட்டர். 93 ரூபாய் என்றால் 23,250 ரூபாய். டீசலில் வருடத்துக்கு மிச்சம் சுமார் 8,000 ரூபாய். 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு சுமார் 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. எல்லோரும் டீசல் பக்கம் ஓடினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, அந்த இடைவெளி மெல்ல மெல்லச் சுருங்கிவிட்டது.

அடுத்து வண்டி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. 1.0 லிட்டர் பெட்ரோல் காருக்கு அவர் வாங்கிய கொட்டேஷனில் ஆன்-ரோடு விலை 5.25 லட்சம். பதிவு 15 வருடம். வருடத்துக்கு 35,000 ரூபாய். டீசல் காருக்கு மிச்சமிருப்பது ஆறு வருடம். 3.75 லட்சத்தை ஆறால் வகுத்தால் 62,500. எஃப்.சி புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் இழுத்தால் ஏறக்குறைய சமமாகும். ஆனால், அப்போது வண்டிக்கு 20 வயது. அவருக்கு 71.

புதிய பி.எஸ்.6 டீசல் கார் பற்றியும் தங்கை மகனிடம் கேட்டுவிட்டார். "உங்க ஓட்டத்துக்கு ஆகாது மாமா. அந்த ஃபில்டர்ல சேர்ற கரி தானா எரியணும்னா, சைலன்சர் நல்லா சூடாகிற மாதிரி ஹைவேல ஓட்டணும். ரெண்டு கிலோமீட்டர் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தீங்கன்னா அடைச்சுக்கும். லைட் எரிய, எங்ககிட்டதான் வருவீங்க."

கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மனசு சாயவில்லை. 34 வருடம் சோறு போட்டது டீசல். அதைப் பழிக்க அவரால் முடியவில்லை.

அந்தக் காலை

மறுநாள் காலை ஆறரை மணி. டெப்போ பழக்கத்தில், காரை ஸ்டார்ட் செய்து சும்மா ஓட விட்டார். பஸ்ஸை எடுக்கும் முன் பத்து நிமிடம் இன்ஜின் ஓட வேண்டும் என்பது அவருடைய வேதம். கார் நின்றிருந்தது சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

டக்கென்று ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. உள்ளே போனார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, பின்பக்க வாசற்படியில் இன்ஹேலரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஜன்னலைச் சாத்துனே?"

"ஒண்ணுமில்லீங்க. பழக்கம்தான்."

"என்ன பழக்கம்? வீட்டுல இதுவரைக்கும் வண்டியே இருந்ததில்லையே."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார் அந்த அம்மா. "உங்க காக்கிச் சட்டையை எப்பவும் கிணத்தடியிலதான ஊற வைப்பேன். உள்ள கொண்டுவந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும். வேலைக்குப் போய்ட்டு வர்ற மனுஷன்கிட்ட அதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

34 வருடம். அந்த வாசனையை அவர் சம்பளத்தின் வாசனை என்றுதான் நினைத்திருந்தார். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே பட்டியலிட்டுவிட்டது என்று முந்தின நாள்தான் தங்கை மகன் சொல்லியிருந்தான். மனைவியின் வீசிங்குக்கு அந்தச் சட்டைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. 'புகை, தூசி பக்கம் போகாதீங்கம்மா' என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் படித்துக் காட்டியவரே அவர்தான்.

வெளியே போய் இன்ஜினை அணைத்தார். மதியம் புரோக்கர் நண்பரிடம் சாவியைக் கொடுத்தார். "வண்டில ஒரு குறையும் இல்லப்பா. எங்க வீட்டுக்குத்தான் ஆகாது" என்றார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தது, மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் பெட்ரோல் கார். முன்பக்கக் கண்ணாடியில் வெளிர்நீல ஸ்டிக்கர், அதன் மேல் பி.எஸ்.6-க்கான பச்சைப் பட்டை. நிற்கும்போது லேசாக அதிர்கிறது என்று இன்றும் குறை சொல்கிறார். மேட்டில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்று முனகுகிறார். டெப்போ நண்பர்கள் டீக்கடையில், "என்னண்ணே, நீங்களே பெட்ரோலுக்கு மாறிட்டீங்க?" என்று சீண்டினால், "வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவே, அதைச் சொல்லு முதல்ல" என்று லாக் புக் கணக்கை ஆரம்பித்துவிடுகிறார். நிறைய ஓடுகிறவன் என்றால் கணக்கு மாறும் என்பதையும் சொல்லத் தவறுவதில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். இப்போது பத்து நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓட விடுவதில்லை. ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். புது இன்ஜினுக்கு அது போதும். பெட்ரோல் என்றாலும் புகை புகைதான், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்று அவருக்கு இப்போது தெரியும்.

காரை நிறுத்தும் இடத்தையும் மாற்றிவிட்டார். இப்போது அது வேப்பமரத்தடியில் நிற்கிறது. தினமும் இலையைத் துடைக்க வேண்டியிருக்கிறது. துடைக்கிறார்.