குலுக்கினால் சத்தம் போடும் குண்டு மிளகாய்!

மாசி, பங்குனியில் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிறீர்களா? பரமக்குடியில் இறங்கி முதுகுளத்தூர், கமுதி பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போங்கள். களத்திலும் சாலையோரத்திலும் செக்கச்செவேலென்று மிளகாய் காயும். நீளமாக இருந்தால் சம்பா. கோலிக்குண்டு போல உருண்டையாக இருந்தால், அதுதான் ராமநாதபுரம் முண்டு.

மிளகாய் நம் மண்ணில் பிறந்த செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர்கள் மூலம் வந்தது. ஆனால், முண்டு இந்த வானம் பார்த்த பூமிக்கே பழகிப்போன ரகம். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. வடகிழக்குப் பருவமழைதான் தண்ணீர். தை மாதம் பழம் பறிக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் மழை கொட்டினால் பழம் நிறம் மாறி, விலை போகாது.

நல்ல உருண்டைப் பழங்களைப் பொறுக்கி, அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைப்பது இங்கே வழக்கம். அது சாதாரண வேலை இல்லை. மிளகாய்ப் பூக்களைத் தேனீக்கள் தேடி வரும். பக்கத்தில் சம்பா இருந்தால் மகரந்தம் கலந்து, போகப்போக உருண்டைக் காய் நீள ஆரம்பித்துவிடும். பொறுக்குகிற கை ஓய்ந்தால் ரகமும் போய்விடும்!

2023 பிப்ரவரியில் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே விதையை விருத்தாசலம் பக்கத்து மங்களூரில் போட்டாலும் செடி காய்க்கும். ஆனால், ‘ராமநாதபுரம் முண்டு’ என்று விற்க முடியாது. அந்தப் பெயர் அந்த மண்ணுக்கே சொந்தம். பெயர் கிடைத்தது சரி, விதையைக் காப்பது இன்னமும் விவசாயியின் கையில்தான்.

வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த முண்டில் விதை கலகலக்கும். காம்போடு இருப்பதையே வாங்குங்கள். தோல் தடிமன் என்பதால் தாளிப்பில் சட்டெனக் கருகாது. மிதமான தீயில் நல்லெண்ணெயில் போட்டால், உப்பி வரும்போதே பழ வாசனை கிளம்பும். சாம்பார், வத்தக்குழம்பு, தேங்காய்ச் சட்னி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இட்லிக்கு ஒரு சட்னி: ஆறு முண்டு மிளகாயை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து அரையுங்கள். மேலே நல்லெண்ணெய் ஊற்றுங்கள். அடுத்த முறை கடையில் வெறுமனே ‘வரமிளகாய்’ என்று கேட்காமல், ‘ராமநாதபுரம் முண்டு இருக்கா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் விதைக்க ஆள் இருப்பார்.